முழுப் பன்னி சுடணுமா: கரிப்பெட்டியா, கம்பியா, குழியா, இல்ல பேசாம வெட்டி வறுத்துடலாமா?

டிசம்பர் பக்கத்துல வந்தாலே நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் எலத்தகிரி, மத்திகிரி, பள்ளிப்பட்டி ஆளுங்க கிட்டருந்து ஒரே கேள்விதான். "அண்ணே, இந்த தடவ முழுசா ஒரு பன்னி சுடலாம்னு பசங்க சொல்றாங்க, அந்த கரிப்பெட்டி ஒண்ணு செஞ்சுக்கலாமா இல்ல வேஸ்ட்டா?" பாதி பேரு வீடியோ பாத்து முடிவு பண்ணிட்டுதான் கேக்குறாங்க, நான் ஆமான்னு சொல்லணும், அவ்ளோதான். பெட்டி நல்லதா கெட்டதாங்கறதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ங்க, மொதல்ல உங்க வீட்டுக்கு வர்ற கூட்டம் எதை சாப்பிடும், உங்களுக்கு பன்னி எந்த சைஸ்ல கிடைக்கும், இந்த ரெண்டுக்கு பதில் தெரிஞ்சா முக்கால்வாசி முடிவு ஆயிடும்.

கரிப்பெட்டி தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். நீளமான ஒரு பெட்டி, உள்பக்கம் தகடு அடிச்சிருக்கும், பன்னிய வயித்துப்பக்கம் பிளந்து தட்டையா விரிச்சு உள்ள படுக்க வெச்சு மூடிடணும். நெருப்பு அடியில கிடையாது, மூடி மேல. மூடியே ஒரு தட்டு மாதிரி இருக்கும், அதுலதான் கரிய கொட்டி பத்த வெக்கறது, சூடு மேலருந்து கீழ இறங்கும். கியூபாக்காரங்க கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி முழுப் பன்னி சுடுற வழக்கம் உள்ளவங்க, அமெரிக்காவுல மியாமி பக்கம் போய் குடியேறினவங்க கிட்ட இது ரொம்ப ஃபேமஸ். 1985ல லா காஹா சீனான்னு ஒரு கம்பெனி அங்க இதை ப்ளைவுட்ல செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க, நீங்க வீடியோல பாக்குறதுல நிறைய அந்த மாடல்தான்.

## எதையெல்லாம் வெச்சு முடிவு பண்றது

ஒண்ணு, எத்தன பேரு வர்றாங்க, அவங்களுக்கு காரசாரமா குழம்பு வறுவல் வேணுமா இல்ல உப்பும் எலுமிச்சையும் போட்ட சுட்ட கறிய தட்டுல எடுத்து சாப்பிடுவாங்களா. இதை யாரும் யோசிக்கறதே இல்ல. பெருசுங்க நெறைய வர்ற வீடுன்னா சுட்ட கறிய ரெண்டு துண்டு மரியாதைக்கு எடுத்துட்டு "குழம்பு இல்லையாப்பா"ன்னு கேட்டுடுவாங்க.

ரெண்டாவது பன்னி சைஸ். நம்ம பக்கம் பண்ணையில வளக்கற வெள்ளப்பன்னிய 80, 100 கிலோ வந்த பிறகுதான் விப்பாங்க, அது எந்தப் பெட்டிக்கும் அடங்காது. முழுசா சுடணும்னா உயிர் எடை 40லருந்து 50 கிலோக்குள்ள இருக்கற நாலஞ்சு மாசக் குட்டி வேணும். இன்னும் வளர வேண்டிய குட்டிய பண்ணைக்காரர் சும்மா குடுக்க மாட்டார், கிலோவுக்கு கூடத்தான் கேப்பார், அதுவும் ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வெக்கணும்.

அப்புறம் நேரம், ஆள், இடம். அப்புறம் மழை, ஏன்னா நமக்கு வடகிழக்கு பருவமழை டிசம்பர் வரைக்கும் இழுக்கும். கடைசியா காசு, அதுல கண்ணுக்கு தெரியாத காசுதான் ஜாஸ்தி.

எதை தேர்ந்தெடுத்தாலும் பொதுவா ஒரு விஷயம். பண்ணையில அடைச்சு தீவனம் போட்டு வளத்த பன்னியா பாத்து வாங்குங்க, சாக்கடை ஓரம் மேயுறது வேணவே வேணாம். பன்னிக்கறியில நாடாப்புழுவோட கட்டி இருந்தா சதைக்குள்ள அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையா தெரியும், அப்படி பாத்தா அந்த கறியே வேணாம். உள்ள வரைக்கும் நல்லா வெந்தா புழு செத்துடும், ஆனா முழுசா சுடும்போது தொடை எலும்பு மூட்டு பக்கம் கடைசியாத்தான் வேகும், அங்க வேகாம விட்டா ஆபத்து. இன்னொண்ணு, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் சிலபேரு காட்டுப்பன்னி கிடைக்கும்னு சொல்லுவாங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி அது கேஸ், அந்த பேச்சே எடுக்காதீங்க.

## கரிப்பெட்டி

இதோட பெரிய பலம் நேரம். 30 கிலோ சுத்தம் பண்ணின பன்னி நாலு மணி நேரத்துல, கூடுனா நாலரையில முடிஞ்சிடும். காலைல எட்டு மணிக்கு பத்த வெச்சா மத்தியானம் ஒரு மணிக்கு பந்தி போட்டுடலாம். அந்த மியாமி பெட்டியில சின்ன மாடல் 32 கிலோ வரைக்கும் பெரிய மாடல் 45 கிலோ வரைக்கும் தாங்கும், இது சுத்தம் பண்ணின எடை, உயிர் எடை இல்ல, இதை நிறைய பேரு குழப்பிக்கறாங்க.

செய்முறை சிம்பிள்தான். பன்னிய முதுகெலும்பு பக்கம் உள்ளருந்து லேசா கொத்தி தட்டையாக்கி, ரெண்டு கம்பி ரேக்குக்கு நடுவுல வெச்சு கொக்கி போட்டு, விலா மேல பாக்க தோல் கீழ பாக்க உள்ள எறக்கணும். ஆரம்பத்துல ஏழு கிலோ கரி, அப்புறம் மணிக்கு ஒரு தடவ நாலு கிலோ. மூணு மணி நேரம் தெறக்கவே கூடாது, ஆசைப்பட்டு ஒரு தடவ தெறந்து பாத்தா கால் மணி நேரம் போச்சுன்னு வெச்சுக்கோங்க. மூணு மணி நேரம் ஆனதும் ரெண்டு ஆள் மூடிய கரியோட தூக்கி ஓரமா வெச்சு, சாம்பல கொட்டிட்டு, பன்னிய திருப்பி தோல் மேல வர்ற மாதிரி போட்டு, தோல்ல கத்தியால குறுக்கும் நெடுக்குமா கீறிட்டு மூடுங்க. அரை மணிலருந்து முக்கா மணிக்குள்ள தோல் பொரிஞ்சு மொறுமொறுன்னு வந்துடும். இதுல மட்டும் கடைசி பதினஞ்சு நிமிஷம் அடிக்கடி தூக்கி பாக்கணும், பொன்னிறத்துக்கும் கரிஞ்சதுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம்தான்.

இந்த அளவெல்லாம் அமெரிக்காவுல கிடைக்கற அச்சு கரிக்கு, அதாவது கரித்தூள அச்சுல அமுக்கி கட்டியாக்கினதுக்கு, சொன்னது, இங்கதான் நம்மாளுங்க மாட்டிக்கறாங்க. நமக்கு கிடைக்கறது சீமைக் கருவேலங்கரி, இல்லன்னா இஸ்திரி போடுறவங்க வாங்கற கொட்டாங்குச்சி கரி. மரக்கரி சட்டுன்னு சூடேறி சட்டுன்னு அடங்கிடும், அதனால மணிக்கு ஒரு தடவ நாலு கிலோ கொட்டறதுக்கு பதிலா அரை மணிக்கு ரெண்டு ரெண்டு கிலோவா போடுங்க. கரி மேல சாம்பல் மூடிடுச்சுன்னா சூடு கீழ இறங்காது, அதையும் அப்பப்ப தட்டி விடணும். கிலோ கணக்க நம்பறத விட கறியில குத்தி வெக்கற ஒயர் வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, முன்கால் தோள்பட்டை சதையில 85 டிகிரி செல்சியஸ் தாண்டினா கையால பிச்சா வரும், அப்போ திருப்பலாம். திருப்பறதுக்கு முன்னாடி அதையே தொடை மூட்டுலயும் குத்தி பாருங்க, அங்க 75க்கு கம்மியா இருந்தா மூடிட்டு இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க.

மசாலா விஷயத்துல ஏமாறாதீங்க, மேல தடவற மசாலா அவ்ளோ பெரிய தொடைக்குள்ள போகவே போகாது. உப்பு தண்ணியில இஞ்சி பூண்டு பச்சமிளகாய் அரைச்சு எலுமிச்சை சாறு விட்டு நல்லா துணியில வடிகட்டி, பெரிய ஊசியில முதல் நாள் ராத்திரியே தொடையிலயும் தோள்லயும் ஏத்தணும். வடிகட்டலன்னா ஊசி அடைச்சுக்கும். கியூபாக்காரங்க புளிப்பு ஆரஞ்சு சாறு விடுவாங்க, நமக்கு நாரத்தங்காய் இருக்கே. தோல் மேல மட்டும் உப்ப தவிர எதையும் தடவாதீங்க, மிளகாத்தூள் கருகிடும்.

இப்ப மைனஸ். புகை வாசனை வராது. நெருப்பு ஒரு பக்கம் கறி ஒரு பக்கம் தகடு நடுவுல, கொழுப்பு நெருப்புல சொட்டறதே இல்ல, அப்புறம் எங்கருந்து அந்த சுட்ட வாசனை வரும்? தந்தூரி மாதிரி எதிர்பாத்து வர்றவங்களுக்கு ஏமாத்தம்தான். ஆனா அதே காரணத்துக்காக தீ குப்புன்னு எழும்பாது, புகை கம்மி, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர மாட்டாங்க. ஓசூர் லேஅவுட்ல வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல, என்னதான் இருந்தாலும் சொந்தக்காரங்க தோட்டத்துல வெச்சுக்கறதுதான் நிம்மதி.

மறைஞ்சிருக்கற செலவு: குட்டிக்கு கூட குடுக்கற காசு, கரி இருபது கிலோ, தெர்மாமீட்டர், முழங்கை வரைக்கும் வர்ற தோல் கையுறை ரெண்டு ஜோடி. ஆனா பெரிய செலவு தலைக்கு வர்ற கறி. 45 கிலோ உயிர் எடையில தலையோட 33 கிலோ நிக்கும், வெந்து எலும்பு போக கையில வர்றது 13 கிலோ சுமாருக்கு, தலைக்கு கால் கிலோ போட்டா 50 பேரு. அதே பன்னிய வெட்டி குழம்பு வெச்சா எலும்போட சேத்து நூறு பேருக்கு மேல பரிமாறலாம். இதை கேட்டதும் பாதி பேரு பெட்டிய மறந்துடறாங்க.

மழை வந்தா இதுவும் பாவம்தான், நெருப்பே மூடி மேல இருக்கு. மழைக்கு பயந்து கார் ஷெட்டுக்குள்ள இல்ல நாலு பக்கமும் மூடின சாமியானாக்குள்ள வெக்கலாம்னு மட்டும் போயிடாதீங்க, கரி எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆள சாய்ச்சிடும். மேல உயரமா ஒரு தகர ஷீட்டு, நாலு பக்கமும் காத்து வரணும்.

யாருக்கு சரி: 40, 60 பேரு கூட்டம், மொறுமொறு தோலுக்காகவே சுடறவங்க, வருஷத்துக்கு ரெண்டு மூணு விசேஷமாவது பண்றவங்க, இல்ல மூணு நாலு குடும்பம் சேந்து ஒரு பெட்டி வெச்சுக்கறவங்க. கடைசியா சொன்னதுதான் என்னை கேட்டா ரொம்ப சரி.

## கம்பியில குத்தி சுத்தறது

பாக்கறதுக்கு இதுதான் கெத்து, பசங்க ஃபோட்டோ எடுக்கறதுக்கும் இதுதான். பிலிப்பைன்ஸ்ல லெச்சோன்னு இப்படித்தான் கரி மேல சுத்தி சுத்தி சுடுவாங்க, தோலும் அருமையா வரும், கொழுப்பு நெருப்புல சொட்டி அந்த வாசனையும் ஏறும்.

ஆனா 30 கிலோ பன்னிக்கு ஆறு ஏழு மணி நேரம் ஆகும், அவ்ளோ நேரமும் ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும், கொழுப்பு சொட்டி தீ எழும்பும்போது கரிய தள்ளி விடணும். கரியும் முப்பது நாப்பது கிலோ போயிடும். தோள்பட்டை, தொடைக்கு கீழ நெருப்பு ஜாஸ்தியாவும் நடுவயித்துக்கு கீழ கம்மியாவும் வெக்கணும், இல்லன்னா நடுவுல காஞ்சு ரெண்டு முனையும் பச்சையா நிக்கும். முதுகெலும்ப கம்பியோட சேத்து போல்ட்டு போட்டு இறுக்கலன்னா கறி வேக வேக தளர்ந்து கம்பி மட்டும் சுத்தும் பன்னி சுத்தாது. மோட்டார் வெச்சிருந்தா கரண்ட் போனா என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சு வைங்க, கைப்பிடி ஒண்ணு கண்டிப்பா இருக்கணும்.

கூட்டம் சின்னதா இருந்து 15, 20 கிலோ குட்டி கிடைச்சா கம்பிதான் பெஸ்ட், நேரமும் பாதியா குறையும், பெட்டி செய்யற செலவும் இல்ல. அதுக்கு மேல எடை போனா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

## குழி

ஹவாய் தீவுல இப்படித்தான், குழி வெட்டி கல்ல சூடாக்கி பன்னிய வாழை எலையில மூடி மண்ண போட்டுடுவாங்க. நம்ம ஊர்ல வாழை எலைக்கு பஞ்சம் இல்ல, ஆனா கிருஷ்ணகிரி பக்கம் நெறைய எடத்துல ரெண்டு அடி தோண்டினா பாறை, ஜேசிபி கூப்பிடணும். கல்லு வேற பிரச்சனை, தென்பெண்ணை ஆத்துலருந்து எடுத்துட்டு வர்ற கூழாங்கல்லுல ஈரம் இருக்கும், நெருப்புல வெச்சா வெடிச்சு சிதறும். விறகு ஒரு வண்டி, நேரம் பத்து பன்னெண்டு மணி, நடுவுல தெறந்து பாக்கவும் முடியாது, தோல் மொறுமொறுப்பும் வராது, கறி மட்டும் பஞ்சா பிரியும். ராத்திரி மழை பேஞ்சா குழியில தண்ணி. ஒரு தடவ ஜாலிக்கு பண்ணி பாக்கலாம், விசேஷத்த நம்பி வெக்க முடியாது.

## வெட்டி வறுக்கறது

இதை சேத்தா ஒப்பீடே போரடிக்குதுன்னு சொல்லுவாங்க, ஆனா சேக்காம விட்டா அது நேர்மையில்ல. தோலோட வெட்டி, சின்ன வெங்காயம், மிளகு, மல்லித்தூள், அவ்ளோதான், எண்ணெய் கூட வேணாம், அதோட கொழுப்புலயே வதங்கும். ரெண்டு மணி நேரத்துல ரெடி. 100 கிலோ பெரிய பன்னியா இருந்தாலும் கவலை இல்ல, சைஸுக்கு அலைய வேணாம், கறிக்கடைக்காரரே வழக்கம் போல வாட்டி சுரண்டி மஞ்சள் தேய்ச்சு வெட்டி குடுத்துடுவாரு. மழை வந்தா அண்டாவ திண்ணைக்கு நகத்திட்டா முடிஞ்சுது. புளிய விறகு கிடைச்சா அனல் நின்னு எரியும்.

என்ன, யாரும் ஃபோட்டோ எடுக்க மாட்டாங்க. நூறு பேருக்கு மேல கூட்டம்னா, பெருசுங்க ஜாஸ்தின்னா, பட்ஜெட் இடிக்குதுன்னா யோசிக்காம இதுதான்.

## ஒரு பார்வைக்கு

45 கிலோ உயிர் எடை பன்னிக்கு, எல்லாம் சுமார் கணக்கு:

| | கரிப்பெட்டி | கம்பி | குழி | வெட்டி வறுவல் |
|---|---|---|---|---|
| நேரம் | 4 - 4½ மணி | 6 - 7 மணி | 10 - 12 மணி | 2 மணி, வெட்டற நேரம் தனி |
| எரிபொருள் | கரி 20 கிலோ | கரி 30 - 40 கிலோ | விறகு ஒரு வண்டி | விறகு கொஞ்சம் |
| ஆள் | மூடி தூக்கும்போது மட்டும் 2 | முழு நேரமும் 1, மாத்தி விட இன்னொருத்தர் | தோண்ட, மூட 4 | சமையல்காரர், உதவிக்கு 1 |
| தோல் | மொறுமொறு | மொறுமொறு | மெத்துன்னு | மெத்துன்னு |
| புகை வாசனை | இல்ல | நல்லா வரும் | லேசா | விறகடுப்புன்னா லேசா |
| எத்தன பேரு | 50 | 50 | 50 | 100க்கு மேல |
| மழை | கஷ்டம் | கஷ்டம் | கதை முடிஞ்சுது | பரவால்ல |

ரெண்டையும் கலந்து பண்றவங்களும் இருக்காங்க, எனக்கு பிடிச்ச வழி அது. சின்ன குட்டி ஒண்ண பெட்டியில வெச்சு தோலுக்கும் ஃபோட்டோவுக்கும், தனியா பத்து பதினஞ்சு கிலோ கறி வாங்கி வறுவல். சுட்டதுக்கு தொட்டுக்க நம்ம ஊர் புளியில வரமிளகாய் பூண்டு போட்டு தண்ணியா ஒரு சட்னி அரைச்சு வெச்சா பெருசுங்களும் வந்துடுவாங்க. மிச்சம் ஆகற தலை, எலும்பு அடுத்த நாள் குழம்புக்கு.

பன்னி சாப்பிடாத சொந்தங்க இருக்கற வீட்டுல இதே பெட்டியில முழு ஆடு வெக்கலாமான்னு கேப்பாங்க. வெக்கலாம், ஆனா ஆட்டுல அவ்ளோ கொழுப்பு கிடையாது, காஞ்சு போயிடும், மேல எண்ணெய் தடவி ஃபாயில் மூடி கடைசி அரை மணி நேரம் மட்டும் தெறந்து விடணும். பன்னி வெச்ச பெட்டியிலயே வெச்சா சாப்பிடறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அது மரியாதை.

## பட்டறையில செஞ்சுக்கறதா இருந்தா

ஓசூர் சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு குறை இல்ல, கிருஷ்ணகிரியிலயும் தர்மபுரியிலயும் கேட் செய்யற எந்த பட்டறையும் இதை செஞ்சுடும். நாலு அடி நீளம், ரெண்டு அடி அகலம், ஒண்ணரை அடி ஆழம், 2 எம்எம் எம்எஸ் (சாதா இரும்பு) ஷீட்டுல செஞ்சா தகடு மட்டுமே 50 கிலோ சுமாருக்கு வரும், கால், ஆங்கிள், கைப்பிடி சேந்தா 60ஐ தாண்டும். பட்டறைக்காரர் கிலோ கணக்குலதான் ரேட்டு சொல்லுவாரு, அதனால முன்னாடியே இந்த கணக்கோட போங்க. ரெண்டு ஆளு தூக்கிட்டு அலையறது கஷ்டம், எடம் மாத்தணும்னா டாட்டா ஏஸ் வேணும்ங்கறதையும் சேத்துக்கோங்க.

கரி போடற மூடித்தட்டு மட்டும் 3 எம்எம் போட சொல்லுங்க, மெல்லிசா இருந்தா முதல் நெருப்புலயே வளைஞ்சு இடுக்கு விட்டுடும். ஜிஐ ஷீட்டு (துத்தநாகம் பூசின தகடு) விலை கம்மி, துரு பிடிக்காதுன்னு சொல்லி தள்ள பாப்பாங்க, அந்த சூட்டுல துத்தநாகப் பூச்சு புகையா வரும், சாப்பாட்டு பக்கம் அது கூடவே கூடாது. எம்எஸ், இல்லன்னா எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), வேற எதுவும் வேணாம். தளி, ஓசூர் பக்கம் டிசம்பர் குளிருக்கும் காத்துக்கும் ஒத்தை தகடு சூட்ட வெளிய விட்டுடும், வேகற நேரம் கூடும், முடிஞ்சா ரெண்டு சுவரா செஞ்சு நடுவுல ராக்வுல் (சூட்ட வெளிய விடாத கல்பஞ்சு) அடைச்சுக்கோங்க, எடையும் காசும் ஏறும். கீழ கொழுப்பு சேர்ற தட்டு தனியா கழட்டற மாதிரி இருக்கணும், லிட்டர் கணக்குல சேரும், திருப்பறதுக்கு முன்னாடி அதை எடுத்து கொட்டிடுங்க, ஒரு கங்கு விழுந்தா பெட்டிக்குள்ளயே தீ பிடிக்கும்.

உள்பக்கம் பெயின்ட் அடிக்க விடாதீங்க. பெட்டி வீட்டுக்கு வந்ததும் பன்னிய வெக்காம வெறும் பெட்டியில ரெண்டு மணி நேரம் கரி போட்டு எரிச்சு பாருங்க, தகட்டுல இருக்கற எண்ணெய், வெல்டிங் அழுக்கு எல்லாம் புகைஞ்சு போயிடும், உள்ள 120லருந்து 150 டிகிரி வரைக்கும் நிக்குதா, எந்த மூலையில இடுக்கு இருக்குன்னும் தெரிஞ்சுடும். இடுக்கு இருந்தா அடுத்த நாளே பட்டறைக்கு எடுத்துட்டு போயிடுங்க, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது போனா கேட் வேலையில இருக்கேன்பாரு.